புயற்காற்றும் ஏரி ஜலமும்

ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் வங்காளக் குடாக்கடலில் புயல் உண்டாகியிருக்கிறதென்று செய்தி வந்தவுடன், ஆவடி, அம்பத்தூர், பூந்தமல்லி முதலிய ஊர்களில் உள்ள ஜனங்கள் முதலில் கேட்கும் கேள்வி, "எங்கே கரை ஏறப் போகிறது?" என்பதே. நெல்லூருக்கோ மசூலிப்பட்டணத்துக்கோ போய்விடும் என்று பதில் வந்தால், பயம் நீங்கினவர்களாய் அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விடுகிறார்கள். இவ்வெண்ணம் எவ்வளவு பிழையானது என்பதை 2023-ம் வருஷத்து டிசம்பர் மாதம் தெளிவாய்க் காட்டிற்று. அப்போது வந்த 'மிக்ஜாம்' புயல் ஆவடிக்கு அருகில் கரை ஏறவேயில்லை. சுமார் 300 கிலோமீட்டர் வடக்கே, ஆந்திர தேசத்தில் பாபட்லாவுக்குச் சமீபத்தில், டிசம்பர் 5-ம் தேதி பிற்பகலில் கரை ஏறிற்று. ஆயினும், அதற்கு முந்தின நாளாகிய 4-ம் தேதி காலை வரையிலான ஒரு நாட்பொழுதில் ஆவடியில் 28 செண்டிமீட்டர் மழை பெய்துவிட்டது.

28 செண்டிமீட்டர் என்று எண்ணாகச் சொன்னால் அதன் பாரம் விளங்காது. சென்னையைச் சுற்றியுள்ள பிரதேசத்தில் ஒரு வருஷம் முழுவதும் பெய்யும் மழையே சராசரி 140 செண்டிமீட்டர்தான். அதில் ஐந்தில் ஒரு பங்கு ஒரே நாளில் இறங்கிவிட்டது. ஒரு சென்ட் நிலத்தின்மேல் இவ்வளவு மழை பெய்தால், விழுந்த ஜலம் 11,000 லிட்டருக்கு மேற்படும். அதாவது ஒரு பெரிய தண்ணீர் லாரி கொள்ளும் அளவு. ஐந்து சென்ட் மனையில் வீடு கட்டிக்கொண்டிருப்பவர், தம் மனைக்குள் ஐந்து லாரி ஜலம் கொண்டுவந்து கொட்டப்பட்டதாக எண்ணிக்கொள்ளலாம். பக்கத்து மனைக்காரருக்கும் அவ்வாறே. எதிர்ச் சாரியில் இருப்பவருக்கும் அவ்வாறே. புயல் எங்கே கரை ஏறுகிறதென்று கேட்பதைவிட, இவ்வளவு ஜலமும் எவ்வழியே போகும் என்று கேட்பது இவ்வூர்களுக்கு அதிகப் பிரயோஜனமுள்ள கேள்வியாகும்.

புயல் பிறந்து வளரும் விதம்

கடலின் மேற்பரப்பு ஜலம் சுமார் 26 அல்லது 27 டிகிரி உஷ்ணத்துக்கு மேற்பட்டு, அந்த உஷ்ணம் ஓரளவு ஆழம் வரையிலும் இருக்குமானால், அங்கே புயல் உண்டாவதற்கு இடமேற்படுகிறது. சூடான கடலிலிருந்து ஜலம் ஆவியாகி மேலே எழும்புகிறது. ஜலம் ஆவியாகும்போது உஷ்ணத்தை உட்கொள்கிறது; அவ்வாவி மேலே குளிர்ந்து மறுபடி ஜலத் துளிகளாகும்போது, உட்கொண்ட உஷ்ணத்தைத் திருப்பி வெளியிடுகிறது. இட்லிப் பானையின் மூடியைத் திறக்கும்போது ஆவி கையில் பட்டு நீராகி, கொதிநீரைவிடக் கடுமையாய்ச் சுடுவதைப் பெண்மணிகள் அறிவார்கள். அந்த உஷ்ணமே புயலுக்கு விறகு. அதனால் மேலேயுள்ள காற்று சூடேறி இலேசாகிறது. கீழே காற்றின் அழுத்தம் குறைகிறது. அழுத்தம் குறைந்த அவ்விடத்தை நோக்கிச் சுற்றுப்புறத்துக் காற்று ஓடிவருகிறது. பூமி சுழல்வதன் காரணமாக, ஓடிவரும் காற்று நேரே மையத்தை அடையாமல் வலப்புறம் ஒதுக்கப்பட்டு, கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையாய்ச் சுற்றத் தொடங்குகிறது. தெற்கு அர்த்த கோளத்தில் இச்சுழற்சி மாறி நடக்கும்.

இவ்வாறு சுழலும் காற்றுக்கு ஆங்கிலத்தில் 'சைக்ளோன்' என்று பெயர் வைத்தவர், கல்கத்தாவிலிருந்த ஹென்றி பிடிங்டன் என்பவர். பாம்பு சுருண்டிருப்பதைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து அவர் அப்பெயரை எடுத்து 1848-ம் வருஷத்தில் வழங்கினார். 1864-ம் வருஷத்தில் கல்கத்தாவையும் மசூலிப்பட்டணத்தையும் அடுத்தடுத்துப் புயல்கள் தாக்கித் திரளான ஜனங்களை மாய்த்த பிறகே, முன்னெச்சரிக்கை செய்யும் ஏற்பாட்டில் சர்க்கார் கருத்தைச் செலுத்திற்று. இந்திய வானிலை இலாகா 1875-ம் வருஷத்தில் ஸ்தாபிக்கப்பட்டது.

கடல் சூடாயிருக்கும் வரையிலும், மேல்வானத்துக் காற்று குறுக்கே வீசி மேகத் திரளைக் கலைக்காதிருக்கும் வரையிலும், புயல் வலுத்துக்கொண்டே போகும். நிலத்தில் ஏறியதும் ஆவியாகிய விறகு கிடைக்காமற் போவதால் அது தணிகிறது. ஆகவே, ஒரு புயல் கரைக்குச் சமீபமாய்க் கடலிலேயே அதிக நேரம் தங்கியிருப்பது நல்ல அறிகுறியன்று. கரை ஏறவில்லையே என்று சந்தோஷப்படுகிறவர்கள், அது கடலிலிருந்து இன்னும் ஜலத்தை இறைத்துக்கொண்டிருக்கிறது என்பதை மறந்துவிடுகிறார்கள்.

புயலின் பட்டம் காற்றுக்கே, மழைக்கு அன்று

வானிலை இலாகாவார் காற்றின் வேகத்தைக் கொண்டே புயலைத் தரம் பிரிக்கிறார்கள். மணிக்கு 31 முதல் 49 கிலோமீட்டர் வரை வேகமிருந்தால் அது காற்றழுத்தத் தாழ்வு மண்டலம். 50 முதல் 61 வரை ஆழ்ந்த தாழ்வு மண்டலம். 62 முதல் புயல். 89 முதல் தீவிரப் புயல். 118-ஐ அடைந்தால் மிகத் தீவிரப் புயல். அதற்கு மேலும் இரண்டு படிகள் உண்டு. காற்றின் வேகம் இரு மடங்கானால் அது சுவரின்மேலும் மரத்தின்மேலும் செலுத்தும் பலம் நான்கு மடங்காகும் என்பதால், இத்தரங்கள் மிகவும் அவசியமானவையே. துறைமுகங்களில் ஏற்றப்படும் புயற்கூண்டுகளும், 1-ம் எண் முதல் 11-ம் எண் வரை, கப்பல்காரர்களுக்குக் காற்றின் அபாயத்தை அறிவிப்பதற்காக ஏற்பட்டவை. ஆனால் இவற்றுள் எதிலும் மழையின் கணக்கு இல்லை. பட்டம் சிறிதாயிருப்பதால் மழையும் சிறிதாயிருக்கும் என்று எண்ணுவதற்கு யாதொரு ஆதாரமுமில்லை.

இதற்கு உதாரணம் தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை. 2015-ம் வருஷம் டிசம்பர் 1-ம் தேதி தாம்பரத்தில் ஒரு நாளில் 49 செண்டிமீட்டர் மழை பெய்து, அடையாற்றில் பெருவெள்ளம் வந்தபோது, கடலில் பெயர் பெற்ற புயல் ஒன்றுமே இல்லை. 2024-ம் வருஷம் நவம்பர் 30-ம் தேதி இரவு புதுச்சேரிக்கருகில் கரை ஏறிய 'ஃபெஞ்சல்', பெயர் வைக்கப்படும் புயல்களில் மிகத் தாழ்ந்த தரத்தைச் சேர்ந்ததே. ஆனால் அது கரை ஏறியபின் நகராமல் பல மணி நேரம் அங்கேயே நின்றது. புதுச்சேரியில் ஒரு நாளில் 48 செண்டிமீட்டர் மழை பெய்தது. விழுப்புரம் ஜில்லா வெள்ளக்காடாயிற்று. திருவண்ணாமலையில் மலைச்சரிவு ஏற்பட்டு வீட்டிலிருந்தவர்கள் மண்ணில் புதையுண்டார்கள்.

ஆகவே, புயற் செய்தியைக் கேட்போர் அதன் தரத்தோடு நில்லாமல், அது நகரும் வேகம் என்ன என்பதையும் கேட்டறிய வேண்டும். புயலுக்குள் காற்று சுழலும் வேகம் வேறு. புயல் முழுவதுமாக இடம் விட்டு இடம் பெயரும் வேகம் வேறு. பத்திரிகை வாசிப்போரும் இவ்விரண்டையும் ஒன்றென்று மயங்குவது சாதாரணமாய்க் காணப்படுகிறது.

ஆவடிப் பக்கத்தார் அநுபவித்த இரண்டு புயல்களை ஒப்பிட்டுப் பார்த்தால் இது நன்கு விளங்கும். 2016-ம் வருஷம் டிசம்பர் 12-ம் தேதி பிற்பகலில் 'வர்தா' புயல் சென்னையிலேயே கரை ஏறிற்று. காற்று மணிக்கு 110 முதல் 120 கிலோமீட்டர் வேகத்தில் வீசிற்று. ஆயிரக்கணக்கான மரங்கள் வேரோடு சாய்ந்தன; மின்சாரக் கம்பங்கள் முறிந்து பல ஊர்கள் நாட்கணக்கில் இருளில் கிடந்தன. புயலின் கண் என்னும் நடுப்பாகம் மேலே வந்தபோது காற்று சட்டென்று ஓய்ந்தது. புயல் போய்விட்டதென்று வெளியே வந்தவர்களைச் சிறிது நேரத்துக்கெல்லாம் எதிர்த்திசையிலிருந்து எழும்பிய காற்று மறுபடி தாக்கிற்று. அன்றும் பலத்த மழை பெய்யாமலில்லை. ஆயினும், புயல் மேற்கு நோக்கி நில்லாமல் சென்று இரவுக்குள் வலிமை குன்றிற்று. அவ்வருஷம் பருவமழை பெருமளவு பொய்த்திருந்தபடியால் ஏரிகளில் இடமுமிருந்தது. வந்த ஜலத்தை அவை வாங்கிக்கொண்டன. பல கிராமத்தார் அம்மழையை வரவேற்றார்கள் என்றே சொல்ல வேண்டும்.

மிக்ஜாம் இதற்கு நேர்மாறானது. அது சென்னைக்குக் கிழக்கே சுமார் 100 கிலோமீட்டர் தூரம் வரை வந்து, பிறகு கரையை ஒட்டி வடக்கே திரும்பிற்று. மணிக்குச் சுமார் 10 கிலோமீட்டர், அதாவது சைக்கிள் வண்டியில் மெல்லச் செல்லும் ஒருவனுடைய வேகத்தில்தான் அது நகர்ந்தது. அவ்வளவு நேரமும் அதன் மேற்குப் பக்கத்து மேகத் திரள் சென்னை, செங்கற்பட்டு, திருவள்ளூர் ஜில்லாக்களின்மேல் விடாமல் பொழிந்துகொண்டிருந்தது. நவம்பர் கடைசியில் பெய்த மழையினால் ஏரிகள் முன்னமே பெரும்பாலும் நிரம்பியிருந்தன, நிலமும் ஊறிக்கிடந்தது. காற்றினால் உண்டான சேதம் வர்தாவின் சேதத்துக்கு அருகிலும் வராது. ஜலத்தினால் உண்டான சேதத்துக்கோ அளவில்லை.

ஏரியும் அதன் கீழ்ப்பட்ட நிலமும்

ஆவடி கடற்கரையிலிருந்து சுமார் 20 கிலோமீட்டர் உள்ளே இருக்கிறது. கடல் பொங்கி அவ்வளவு தூரம் வராது. அப்படியிருக்க, இவ்வூரை அமிழ்த்திய ஜலம் எங்கிருந்து வந்தது?

இப்பிரதேசம் மேற்கேயிருந்து கிழக்கே மிகவும் இலேசாய்ச் சரிந்துள்ள சமவெளி. பெரிய ஜீவநதி கிடையாது. ஆகையால் முன்னோர்கள் மழை ஜலத்தைத் தேக்குவதற்காக ஊருக்கு ஊர் ஏரி வெட்டி, ஒன்றின் உபரி ஜலம் அடுத்ததற்குச் செல்லும்படி சங்கிலித் தொடராய் அமைத்தார்கள். பருத்திப்பட்டு, விளிஞ்சியம்பாக்கம், திருநின்றவூர், அம்பத்தூர், கொரட்டூர் முதலிய ஏரிகள் இவ்வாறு ஏற்பட்டவை. அம்பத்தூர் ஏரியின் உபரி கொரட்டூர் ஏரிக்கும், அதன் உபரி மாதவரம் இரட்டை ஏரிக்கும் போவது இச்சங்கிலிக்கு ஒரு உதாரணம். ஒவ்வொரு ஏரிக்கும் வரத்துக்கால், கரை, மதகு, கலங்கல், உபரிநீர்க்கால் என்னும் ஐந்து உறுப்புகள் உண்டு. மதகு பாசனத்துக்கு, கலங்கல் ஆபத்துக்கு. ஏரி நிறைந்தபின் மிகுதி ஜலம் கரையை உடைக்காமல் தானே வழிந்து போகும் வாயில்தான் கலங்கல்.

மதகின் கீழே இருந்தவை நெல் வயல்கள். வயல் என்பது வரப்பு கட்டிய ஆழமில்லாத பாத்திரம். ஒரு ஜாண் உயர வரப்புள்ள வயல், பெய்த மழையில் பெரும் பாகத்தைத் தன்னுள்ளேயே நிறுத்திக்கொண்டு மெதுவாய் வடியவிடும். ஏரியும் வயலும் சேர்ந்தே வெள்ளத்தைத் தாங்கிவந்தன. இரண்டாவது உலக யுத்த காலத்தில் ஆவடியில் இராணுவக் கிடங்குகள் ஏற்பட்டன; சுதந்திரத்துக்குப் பிறகு தொழிற்சாலைகளும், அவற்றில் வேலை செய்வோருக்கான குடியிருப்புகளும் பெருகின. 2019-ம் வருஷத்தில் ஆவடி மாநகராட்சியாக உயர்த்தப்பட்டது. இவ்வளவும் அபிவிருத்தியே, அதில் குறை சொல்ல இடமில்லை. ஆனால், மதகின் கீழிருந்த வயல்கள் மனைகளாயின, வாய்க்கால்கள் வீதிகளாயின, சில இடங்களில் ஏரியின் நீர்ப்பிடிப்புக்குள்ளேயே வீடுகள் எழும்பின. கலங்கல் மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கிறது. ஏரி நிறைந்தால் அது பழைய வழியிலேயே ஜலத்தை விடும். அந்தப் பழைய வழியில் இப்போது யார் வீடு இருக்கிறதென்று ஏரிக்குத் தெரியாது.

ஓடும் கூரையும் சிமெண்டுத் தளமும் தார் ரோடும் மழையை உறிஞ்சுவதில்லை. வயல் ஒரு நாளில் வடிக்கும் ஜலத்தைத் தளம் அரை மணியில் வடித்துவிடுகிறது. ஆகவே முன்பு பெய்த அதே மழைக்கு இன்று வரும் வெள்ளம் பெரிதாயும் விரைவாயும் இருக்கிறது.

இன்னொரு காரணமும் உண்டு; அது கடலோடு சம்பந்தப்பட்டது. ஆவடி, பூந்தமல்லிப் பக்கத்து ஜலம் பெரும்பாலும் கூவத்தில் வடிகிறது. பூண்டி நீர்த்தேக்கத்தின் உபரி கொசஸ்தலையாற்று வழியே எண்ணூரை அடைகிறது. பூந்தமல்லிக்குத் தெற்கே, 24 அடி ஆழமுள்ள செம்பரம்பாக்கம் ஏரியின் உபரி அடையாற்றுக்குப் போகிறது. புயல் கரைக்கு அருகில் இருக்கும்போது கடல் மட்டம் உயர்ந்து, அலைகள் முகத்துவாரத்தில் எதிர்த்து நிற்கும். ஆற்றின் ஜலம் இறங்க இடமின்றித் தேங்கும். ஆறு தேங்கினால் கால்வாய் தேங்கும். கால்வாய் தேங்கினால் வீதி தேங்கும். மழை நின்ற பிறகும் ஆவடியில் ஜலம் வடியத் தாமதிப்பதற்குக் கடலின் இந்நிலையும் ஒரு காரணம். கடலைக் கண்ணால் காணாத ஊரும் கடலுக்குக் கட்டுப்பட்டதே.

கடலோரத்தார்

திருவள்ளூர் ஜில்லாவிலேயே பழவேற்காடு, காட்டுப்பள்ளிப் பக்கத்து மீனவர் குப்பங்கள் புயலின் முழு வேகத்தையும் நேரே தாங்குபவை. அவர்களுக்கு மழையைக் காட்டிலும் காற்றும் கடற்பொங்கலுமே சத்துரு. 1964-ம் வருஷம் டிசம்பர் மாதத்தில் தநுஷ்கோடி அழிந்ததும், 1977-ம் வருஷம் நவம்பரில் ஆந்திர தேசத்தின் திவிசீமையில் ஏறக்குறையப் பதினாயிரம் பேர் மாண்டதும் கடல் பொங்கியதனாலேயே. புயல் மையத்துக்கு வலப்புறத்தில், காற்று கடலிலிருந்து கரையை நோக்கி வீசும் பக்கத்தில், கடற்பொங்கல் அதிகமாயிருக்கும். மேற்கு நோக்கி வரும் புயலுக்கு அது வடக்குப் பக்கம். ஆகையால், புயல் தங்களுக்குத் தெற்கே கரை ஏறும் என்று கேட்டால் மீனவர்கள் அதிக ஜாக்கிரதையாயிருத்தல் வேண்டும். முன்காலத்தில் கட்டுமரத்தில் சென்றவர்களுக்கு வானத்தின் நிறமும் அலையின் போக்குமே எச்சரிக்கை. இப்போது சென்னைத் துறைமுகத்தில் உள்ள ராடார் யந்திரமும் வானத்திலுள்ள செயற்கைக் கோள்களும் புயலை அது பிறக்கும் முன்பே காட்டிவிடுகின்றன. கரை ஏறுவதற்கு 72 மணி நேரம் முன்பே முதல் அறிவிப்பும், 48 மணி நேரத்துக்கு முன் எச்சரிக்கையும், 24 மணி நேரத்துக்கு முன் அபாய அறிவிப்பும் வருகின்றன. 1999-ம் வருஷத்துப் புயலில் சுமார் பதினாயிரம் பேரை இழந்த ஒரிஸ்ஸா, 2013-ம் வருஷத்தில் அதற்கொத்த பயங்கரமான 'பைலின்' புயல் வந்தபோது, லட்சக்கணக்கானவர்களை முன்கூட்டியே அப்புறப்படுத்தி உயிர்ச் சேதத்தை மிகச் சிறிதாக்கிவிட்டது. காற்று குறையவில்லை, ஜனங்கள் அங்கே இல்லை, அவ்வளவுதான்.

செய்ய வேண்டியவை

உள்நாட்டு ஊர்களில் வேலை புரட்டாசியிலேயே ஆரம்பிக்க வேண்டும். உபரிநீர்க்காலில் வளர்ந்துள்ள ஆகாயத்தாமரையையும், கொட்டப்பட்ட குப்பையையும், சிறு பாலங்களின் கண்களில் அடைத்திருக்கும் மண்ணையும் அப்போதே நீக்கிவிட்டால், மார்கழி வரை நிம்மதி. முன்பு குடிமராமத்து என்ற பெயரால் ஊரார் கூடிச் செய்துவந்தது இதுவே. புயல் வந்த பின் மண்வெட்டி எடுத்துப் பயனில்லை.

செய்தி வந்தபின் அறிய வேண்டியவை மூன்று: புயல் எவ்வளவு வேகமாய் நகர்கிறது, எவ்வளவு நேரம் கரைக்கு அருகில் இருக்கும், ஊர் ஏரியில் கலங்கலுக்கு இன்னும் எத்தனை அடி இருக்கிறது. முதல் இரண்டையும் வானிலை அறிவிப்பு சொல்லும். மூன்றாவதை ஊரார் போய்ப் பார்த்தாலன்றி ஒருவரும் சொல்லமாட்டார்கள். புயல் வேகமாய் வருமானால் கூரைத் தகடுகளைக் கட்டுவதும், வீட்டின்மேல் சாயக்கூடிய கிளைகளைக் கழிப்பதும் முதல் வேலை; கண் கடக்கும் அமைதியை நம்பி வெளியே வரலாகாது. மெதுவாய் வருமானால் தானியம், பத்திரங்கள், மருந்து, குழந்தைகளின் புஸ்தகங்கள் இவற்றை உயரத்தில் ஏற்றி, தாழ்ந்த வீதியிலுள்ள முதியோரையும் கர்ப்பிணிகளையும் பகல் வெளிச்சம் இருக்கும்போதே பள்ளிக்கூடத்துக்கோ உறவினர் வீட்டுக்கோ சேர்த்துவிடுவது முதல் வேலை. ஜலம் வாசற்படியை அடையுமுன் மின்சார மெயின் சுவிட்சை நிறுத்திவிட வேண்டும். மாடுகளைத் தறியில் கட்டிவைத்தபடி விட்டுச் செல்வது மகாபாதகம். அவிழ்த்துவிட்டால் அவை மேட்டைத் தாமே தேடிக்கொள்ளும்.

ஏரிக்கரையைக் காவல் செய்வோர் கரையின் வெளிப்புறத்தில் கசியும் ஜலத்தைக் கவனிக்க வேண்டும். தெளிந்த ஜலமாய்க் கசிந்தால் அவ்வளவு பயமில்லை. கலங்கலாய்க் கசிந்தால் உள்ளே மண் அரிக்கப்படுகிறதென்று அர்த்தம். அவ்விடத்தில் மணல் மூட்டைகளை அடுக்கிக்கொண்டே, அதே நிமிஷத்தில் தாசில்தாருக்கும் நீர்வள இலாகாவுக்கும் செய்தி அனுப்புதல் வேண்டும். கலங்கலின்மேல் பலகை வைத்து ஜலத்தை உயர்த்துவதும், அடுத்த தெருவைக் காப்பதற்காகக் கரையை இரகசியமாய் வெட்டுவதும் ஒரு ஊரின் துன்பத்தை மற்றோர் ஊருக்கு அனுப்புவதேயாகும்.

ஜலம் வடிந்த பின்னும் இரண்டு வாரம் அபாயம் உண்டு. வெள்ளம் புகுந்த கிணற்று ஜலத்தை இறைத்துவிட்டு, பிளீச்சிங் பௌடர் கலந்து, மறுநாள் வரை உபயோகியாதிருந்து, பிறகும் காய்ச்சியே குடிக்க வேண்டும். சேற்றில் வெறுங்காலோடு நடப்பதால் எலிக்காய்ச்சல் வரக்கூடும். காலில் புண் உள்ளவர்கள் அவசியம் தவிர்க்க வேண்டும். சுரம் கண்டால் கைமருந்தோடு நில்லாமல் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போக வேண்டும். வீட்டுச் சுவரில் ஜலம் நின்ற கறை தெளிவாய்த் தெரியும். வெள்ளையடிப்பதற்கு முன், அக்கறையின் உயரத்தில் ஒரு ஆணி அடித்து வருஷத்தையும் தேதியையும் குறித்து வைப்பது நல்லது. அடுத்த புயலில் அரிசிப் பானையை எந்தத் தட்டில் வைப்பது என்பதை அந்த ஆணி சொல்லும்.